டிவியைத் தூக்கிப் போடச் சொன்ன மருமகனுக்கு

குருசுக்குப்பம், புதுச்சேரி
கார்த்திகை மாதம், மழை சற்று விட்ட ஒரு மத்தியானம்

ஓசூரில் இருக்கும் அன்பு மருமகன் சிரஞ்சீவி பிரேம்குமாருக்கு, உன் தாய்மாமன் சின்னக்கண்ணு ஆசீர்வாதங்களை முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் எழுதும் கடிதம். இங்கே அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அனைவரும் என்று எழுத இப்போது கை வரவில்லை, ஆகவே இருக்கிறவர்கள் சுகம். நீயும் உன் கம்பெனியும் நைட் ஷிப்டும் சுகமாக இருக்க எல்லாச் சாமியையும் பொதுவாக வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். டிவி வரும், அது பேசும், அக்கா பதில் சொல்லும், அடுத்த வீட்டு செல்வாம்பாள் தெருவைக் கூட்டுவாள், நீ போன் போட்டு மாமனைத் திட்டுவாய், இவ்வளவும் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்காதே. நான் சொன்ன நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை.

நேற்று போனில் நீ, "அந்த டிவிய தூக்கிக் குப்பையில போடுங்க மாமா, இல்லன்னா ஞாயித்துக்கெழம வந்து அம்மாவ கூட்டிக்கினு போயி மனநல டாக்டருகிட்ட காட்டிட்டு அப்படியே இங்கியே வச்சிக்கிறேன், வூட்டைப் பூட்டிட வேண்டியதுதான்" என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், எழுத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது. மாடி வீட்டு மருமகள் சிந்துஜா இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து வாட்சப்பில் அனுப்புவாள், வரிசை பார்த்துப் படி. உன் அம்மாவை இந்த வீட்டிலிருந்து கிளப்புவதற்கு முன்னால் முழுவதையும் படி.

உன் சித்தி கலைமகள் புரட்டாசியில் போனாள். நீ வந்தாய், கருமாதி முடித்தாய், லீவு முடிந்து பஸ் ஏறினாய். அதற்கப்புறம் இந்த வீட்டில் நடந்ததை நீ பார்க்கவில்லை. நடந்தது என்றால் ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் சங்கதி. உன் அப்பா போன நாள்முதல் அக்காளும் தங்கச்சியுமாக ஒரே கூடத்தில் பாய் போட்டுக் கிடந்தவர்கள். ஊரில் மற்றவர்கள் யக்கா என்பார்கள், அக்கோவ் என்பார்கள், கலை மட்டும் பாவாடை கட்டிய வயசிலிருந்து "அக்கேய்" என்று வாலை நீட்டித்தான் கூப்பிடுவாள். உப்பு எங்கே என்பதற்கும் அக்கேய், மழை வருது என்பதற்கும் அக்கேய், எதற்குக் கூப்பிட்டோம் என்று மறந்துபோனால் அதற்கும் தனியாக ஒரு அக்கேய். அவளுக்கு மூத்த எனக்கு ஒரு அண்ணே உண்டு, அதுவும் கைமாற்று வேண்டுமென்றால்தான். அந்தச் சத்தம் நின்றதும் உன் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். செல்வாம்பாள் கஞ்சி கொண்டுவருவாள். ரெண்டு வாய் இறங்கும், அப்புறம் உதடு திறக்காது. இந்த வருஷம் மழையும் பிடித்துக்கொண்டது, கடலிலிருந்து வரும் காற்றில் துணி காயவில்லை, சுவரெல்லாம் ஓதம். உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் சுவர் ஏதோ படம் வரைந்தாற்போல் ஊறிப்போயிருந்தது. நான் அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் கப்பலேறி மொரீஷியஸ் போய்வந்த கதையைச் சொல்லிப் பார்த்தேன். மற்ற நாளாக இருந்தால் நான் கப்பலில் ஏறுவதற்குள்ளேயே அக்கா, "நீ வில்லியனூரத் தாண்டுனது இல்ல, புளுகாத" என்று இறக்கிவிடுவாள். அன்றைக்கு நான் ஏறினேன், போனேன், மொரீஷியஸில் இறங்கினேன், கரும்புத் தோட்டத்தில் கங்காணி வேலைகூடக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தரும் தடுக்கவில்லை. பொய் என்று சொல்ல ஆள் இல்லாமல் ஒரு கதையை முடித்து ஊர் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது மருமகனே.

அப்போதுதான் நீ சொன்னாய், "புதுசெல்லாம் வாங்குற நெலமையில நான் இல்ல மாமா, பழசா ஒண்ணு பாருங்க, வூட்டுல ஒரு சத்தமாவது இருக்கட்டும்" என்று. இந்த வார்த்தையைக் குறித்துக்கொள். நீ கேட்டது சத்தம். நான் வாங்கி வந்ததும் சத்தம்.

ஆனாலும் என் மரியாதைக்கு முதலில் நேரு வீதியில் ஒரு பெரிய ஷோரூமுக்குத்தான் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் மேனேஜரே எழுந்து நின்றார். அவர் முன்பே நின்றுகொண்டுதான் இருந்தார், இருந்தாலும் இன்னும் கொஞ்சம் நின்றார். விலைச்சீட்டைப் பார்த்தேன், பிறகு பார்க்காதவன் மாதிரியும் பார்த்தேன். கறுப்பு எங்கள் குடும்பத்துக்கு ஆகிவராது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அங்கே இருந்த எல்லா டிவியும் கறுப்பு. பிறகு நம் ஆட்டோ முருகையன் சொல்லி, பிள்ளைச்சாவடி ரோட்டில் இராமதாஸ் என்பவர் வைத்திருக்கும் பழைய சாமான் கடைக்குப் போனேன். வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது கட்டில் முதல் நாய்ச்சங்கிலி வரைக்கும் அங்கே தள்ளிவிட்டுப் போவார்கள். நம்ம ஆட்கள் போய் அதைத் தூக்கிவந்து இன்னும் இருபது வருஷம் ஓட்டுவார்கள்.

"எப்படிப்பட்ட டிவி பாக்குறீங்க பெரியவரே?" என்றார் இராமதாஸ்.

"படம் தெரியணும், சத்தம் கேக்கணும்" என்றேன்.

நான் கையில் வைத்திருந்த பணத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே டிவியிலயா?" என்று கேட்டார்.

கடைசியில் மூலையிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். படமும் தெரிந்தது, சத்தமும் கேட்டது, ஓரத்தில் மட்டும் பச்சையாக ஒரு கோடு. கண் மங்கிப்போன ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டு டிவியாம். கண் தெரியாதவர்களுக்காக ரிமோட்டில் எதை அமுக்கினாலும் அது இன்ன பட்டன் என்று ஒரு பெண்குரல் வாய்விட்டுச் சொல்லும். "ஆனா பிரெஞ்சுலதான் சொல்லும் பெரியவரே, பேக்டரியிலயே அப்படி அடிச்சி சீல் வச்சிட்டாங்க, ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது" என்றார். அவர் யாரிடம் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பதினோரு வருஷம் ஒரு மதாம் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவன். எட்டாவதோடு என்னை நிறுத்தியபோதே, இவனுக்கு மேற்கொண்டு சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை என்று வாத்தியார் வாயாலேயே சொன்னார். வணக்கத்துக்குப் போஞ்சூர், நன்றிக்கு மெர்சி, ஆமாவுக்கு வீ, இல்லைக்கு நோன், அத்தோடு நாயை உட்காரவைக்கும் வார்த்தை ஒன்று, இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு பாரிசில் ஒரு மாதம் தாராளமாகக் காலம் தள்ளலாம், நாய் வைத்திருப்பவர்கள் வீட்டில். டிவி ஏதோ சொல்லிற்று, நான் "வீ, மெர்சி" என்றேன், அது மறுபடி ஏதோ சொல்லிற்று, நான் சிரித்தேன். இராமதாஸ் அப்படியே அசந்துபோய் விலையைக் குறைத்தார். குறைத்ததற்குக் காரணம் பச்சைக் கோடு என்று முருகையன் சொல்வான், நம்பாதே.

வாடகையில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று முருகையன் ஆட்டோவில் ஒரு நெத்திலி மீன்கூடையையும் ஏற்றிக்கொண்டு, பெரிய மார்க்கெட் வரைக்கும் போய் அதை இறக்கிவிட்டுத் திரும்பினோம். கூடை காலடியில், டிவி என் மடியில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கூடை டிவியை முத்தமிட்டது. வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தபோது படத்தையும் சத்தத்தையும் தவிர மூன்றாவதாக ஒரு வாசனையும் அதற்கு வந்திருந்தது. தெருப்பூனை ஒன்று நேராக வந்து டிவிக்கு எதிரே உட்கார்ந்தது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. டிவிக்குக் கால் இல்லை, அதை இராமதாஸ் தனி விலைக்கு விற்கிறார். ஆகவே கூடத்து மூலையில் இருந்த அரிசி டிரம்மின் மூடிமேல் ஏற்றி, பின்னால் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். இன்ஜினியர்கள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

உன் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயரைச் சொருகினேன், கேபிள்காரர் வந்து பெட்டியை மாட்டிவிட்டுப் போனார், படம் வரவில்லை, நீலமாக நின்றது. ரிமோட்டில் இருந்த பட்டன்களில் வீடு மாதிரி ஒரு பொம்மை போட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதை அமுக்கினேன்.

"அக்கேய்" என்றது டிவி.

"இன்னாடி" என்றாள் உன் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

உன் அம்மா மெல்லத் திரும்பி, கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். "யாருடா அது" என்றாள். டிவிதான் அக்கா என்றேன். "எங்க, இன்னொரு தபா சொல்லச் சொல்லு" என்றாள். அமுக்கினேன். சொன்னது. உன் அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சளி புடிச்சிருக்குது போலருக்கு அவளுக்கு" என்று சொல்லிவிட்டு, விலகியிருந்த முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றைக்குக் கஞ்சி கிண்ணம் காலியாகத் திரும்பிப் போனது, செல்வாம்பாளையே கேட்டுப் பார்.

அதற்கப்புறம் ரிமோட் அவள் கைக்குப் போய்விட்டது. அமுக்குவாள், அது கூப்பிடும், இவள் "இன்னா" என்பாள். சில நேரம் கோபமும் வரும், "கூப்ட்டுட்டு இன்னான்னு சொல்லாம கெடக்குறா பாரு, அப்பவும் இப்படித்தான்" என்பாள். படம் எதுவும் பார்ப்பதில்லை, சீரியல் பெயர் ஒன்றுகூடத் தெரியாது, அந்த நீல வெளிச்சத்துக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வாள். ஒருநாள் நான் வந்து மொரீஷியஸ் கதையை மறுபடி எடுத்தேன். கப்பல் இன்னும் கரையை விடவில்லை, "டிவிய தூக்குடா" என்றாள். எதுக்குக்கா என்றேன். "அரிசி எடுக்கணும். உன் கப்பலு அப்பறம் போவட்டும்." ஒரு கையில் செங்கல்லும் மறு கையில் டிவியுமாக நான் நிற்க, உன் அம்மா டிரம்மைத் திறந்து படியால் அரிசி அளந்தாள். புரட்டாசிக்கு அப்புறம் இந்த வீட்டு அடுப்பு எரிந்தது அன்றைக்குத்தான். அதுமுதல் தினமும் நான் டிவியைத் தூக்கிப் பிடிக்கிறேன், முதுகு போய்விட்டது. நீ வேறு தூக்கச் சொல்கிறாய், வேறு அர்த்தத்தில்.

இப்போது செல்வாம்பாள் உன்னிடம் போனில் சொன்னதற்கு வருகிறேன். டிவியில் கலை வந்து இறங்கியிருக்கிறாள், அதனால்தான் பூனை இமை கொட்டாமல் பார்க்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். பூனை பார்ப்பது கலையை அல்ல, நெத்திலியை. நான் எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொண்டுவந்து டிவியின் தலைமேல் வைத்தாள். இந்தக் காலத்து டிவிக்குத் தலை ஏது, விளிம்புதான். பழம் உருண்டு கீழே கிடந்த ரிமோட் மேல் விழுந்தது, அது "அக்கேய்" என்றது, செல்வாம்பாளும் நாலு தங்கச்சிக்கு மூத்தவள் அல்லவா, "இன்னா" என்று பதில் சொல்லிவிட்டு அதற்கப்புறம்தான் ஓடினாள். அந்தப் பழத்தைப் பிழிந்து உன் அம்மா எனக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்தாள். ரெண்டு தட்டு வைத்துச் சோறு போடுகிறாள், ஒன்று செத்தவளுக்கு என்றும் செல்வாம்பாள் சொன்னாளாமே. அந்த ரெண்டாவது தட்டு எனக்கு. பொண்டாட்டி போன மனுஷன் நான், எங்கே சோறு கிடைக்கிறதோ அங்கே தட்டு இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்டு நீ பயந்து டாக்டரிடம் போவதானால் முதலில் என்னைக் காட்ட வேண்டும்.

இருந்தாலும் நீ திட்டிய பிறகு, அது என்னதான் சொல்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துவிட முடிவு செய்தேன். சிந்துஜா ஒயிட் டவுன் பக்கத்தில் ஓர் ஓட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்ப்பவள், முறையாகப் பிரெஞ்சு படித்தவள், என் அளவுக்கு இல்லாவிட்டாலும். அவளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். ஒருமுறை கேட்டாள், சிரித்துவிட்டாள்.

"மாமா, என் மேசைக்கு மேலயே இந்த வார்த்தையத்தான் பலகையில எழுதி மாட்டியிருக்காங்க. வரவேற்புன்னு அர்த்தம். டிவியில முதல் பக்கத்துக்குப் போறதுக்கும் அதைத்தான் சொல்லுவாங்க. அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல."

எனக்குத் தெரியும் என்றேன். உனக்குத் தெரிகிறதா பார்க்கத்தான் கேட்டேன் என்றும் சொன்னேன். மறைத்து வைக்க முடியவில்லை, உன் அம்மா பின்னால் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சிந்துஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அத்தை, நான் தப்பா ஒண்ணும்" என்று இழுத்தாள்.

உன் அம்மா சொன்னதை ஓர் எழுத்து சேர்க்காமல் எழுதுகிறேன், இது ஒன்றை நம்பு. "மிஷினுன்னு எனக்குத் தெரியாதா இன்னா? நானே என் கையாலதானே அமுக்குறேன். கூப்ட்டா திரும்புறேன், அவ்ளோதான். பொழுதுக்கும் யாரும் கூப்புடாத வூட்டுல நீங்க இருந்து பாருங்க, அப்பறம் சொல்லுங்க." சொல்லிவிட்டு முறத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 

ஆகவே மருமகனே, உன் அம்மாவுக்குப் பித்துப் பிடிக்கவில்லை. சாப்பிடுகிறாள், குளிக்கிறாள், என்னைப் புளுகன் என்கிறாள், மூன்றும் ஒழுங்காக நடக்கிறது. ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போனால் நீ நைட் ஷிப்டு போனபிறகு அந்த ஒற்றை அறையில் எந்தச் சுவரைப் பார்த்துப் படுப்பாள் என்று யோசி. டிவி இருந்தால் இருக்கட்டும், தமிழுக்காவது மாற்றித் தொலையுங்கள் என்பாய். மாற்ற முடியாது. நான் சும்மா விடுவேனா, இராமதாஸைக் கேட்டேன், சீல் என்றார். கம்பெனிக்கே போன் போட்டு அங்கே ஒரு பெரிய இன்ஜினியரோடு கொஞ்ச நேரம் பிரெஞ்சிலேயே பேசினேன், அவர் ரொம்ப வருத்தப்பட்டார், அந்தக் குரலை எடுத்தால் படமும் போய்விடும், டிவியே வெடித்தாலும் வெடிக்கும் என்றார். வெடிக்கிற பொருளில் கை வைக்கக் கூடாது. ஆகவே இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று நான் முடிவு செய்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஓசூர் குளிருக்குக் காதில் துணி கட்டு. அம்மாவுக்குத் தினமும் ஒரு போன் போடு, போட்டால் அவளை நீயும் ஒரு தடவை கூப்பிடு, பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சீக்கிரம் உனக்கு ஒரு பெண் அமைந்து, பேறும் பெருக்கமுமாக வாழ, படித்ததும் கற்றதுமாக நிறைந்த உன் மாமனின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தாய்மாமன்,
மு. சின்னக்கண்ணு

பின்குறிப்பு: சிந்துஜா முழுவதையும் படித்துவிட்டு, பொய்யை எடுத்தால்தான் போட்டோ பிடிப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். எல்லாவற்றையும் எடுத்தால் கடிதமே மிஞ்சாது, ஒன்றுதான் எடுப்பேன் என்று பேசி முடித்திருக்கிறேன். மொழியை மாற்ற முடியாது என்றேனே, அது நான் கட்டியது. இராமதாஸ் கடையிலேயே, "இப்பவே தமிழ்ல போட்டுக் குடுத்துடட்டுமா பெரியவரே" என்றுதான் கேட்டார், பிரெஞ்சு தெரிந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நான்தான் தடுத்தேன். நேற்று வார்த்தைக்கு அர்த்தம் சொன்ன கையோடு சிந்துஜா மாற்றிக் கொடுக்கவும்தான் பார்த்தாள். நானும் சரி என்று ரிமோட்டை நீட்டினேன். உன் அம்மா அப்போது உள்ளே அடுப்படியில் இருந்தாள். மொழியைத் தேடிப் போகிற வழியில் டிவியில் தேதி தப்பாக இருப்பது சிந்துஜா கண்ணில் பட்டது. கரண்ட் போய்ப்போய் வரும்போதெல்லாம் அது ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குத் திரும்பிவிடுகிறதாம். அதைச் சரிசெய்ய நாளைத் தாண்டி, மாதத்தைத் தாண்டி, வருஷத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். அது "அண்ணே" என்றது. வருஷம் என்பதற்குப் பிரெஞ்சில் அதுதான் வார்த்தையாம். எனக்குத் தெரியாதா. ரிமோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மொழியில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அவளை மாடிக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நீயும் அதில் எதையும் தொடாதே. வருஷம் இன்னும் தப்பாகத்தான் இருக்கிறது, நான் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.